மணியக்காரர் வேஷம்

எங்கள் ஊர்க் கூத்தில் மணியக்காரர் வேஷம் எங்கள் வீட்டுக்கு உரியது. வேறு யாரும் அதைக் கட்டியதில்லை. கட்டுகிறேன் என்று கேட்டதும் இல்லை. என் பாட்டனார் கட்டினார், பிறகு என் அப்பா, அப்பாவுக்குப் பின் நான். என் பெயர் கோதண்டராமன். வடக்குப்பட்டுக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டியது எங்கள் ஊர். கரைமேல் ஏறி நின்றால் இப்போது தொழிற்சாலைகளின் நீலக் கூரைகள்தான் முதலில் தெரியும்.

கூத்தின் கதை புராணம் அல்ல. ஊரிலேயே நடந்தது. ஒரு பஞ்ச காலத்தில் ஏரித் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிற்று. ஊர் மணியக்காரர் மதகை அடைத்து, தன் வயலுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக்கொண்டார். எல்லம்மாள் என்று ஓர் இளம்பெண். புருஷன் பிழைக்கப் போன இடத்திலிருந்து திரும்பவில்லை. அவளுடைய நாற்றங்கால் கருகியது. மணியக்காரர் வாசலில் வந்து நின்று கேட்டுப் பார்த்தாள். கடைசியாக வந்தபோது அவர் பதில்கூடச் சொல்லவில்லை. அன்று அவள் தானே மதகுக் குழிக்குள் இறங்கி அடைப்பை விலக்கினாள். மதகைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டியின் பெயர் வேம்பன். அவன் கரைமேல் நின்று, "உள்ள ஆள் கீது மணியாரே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மணியக்காரர் காதில் அது விழுந்தது. விழுந்த பிறகுதான் "மதகுப் பலகையை இறக்கு" என்றார். வேம்பன் முடியாது என்று கையைக் கட்டிக்கொண்டான். மணியக்காரரின் ஆட்கள் இறக்கினார்கள். எல்லம்மாள் வெளியே வரவில்லை.

அந்த மணியக்காரர் என் பூட்டனார்.

ஆடி மாதக் கூத்தின் முடிவில் ஊர்ப் பெண்கள் ஏரி வண்டலைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து மணியக்காரர் மேல் அள்ளி வீசுவார்கள். வேஷக்காரர் நகரக்கூடாது. முகத்தைத் திருப்பக்கூடாது. மண் விழுந்து தீர்ந்தபின், அடுத்த ஆடி வரை அந்தப் பேச்சை எடுத்து எங்கள் வீட்டாரை யாரும் குத்திக்காட்டக்கூடாது. ஊர் செய்துகொண்ட ஏற்பாடு இது. வெளியாள் வேஷம் கட்டினால் மண் அவன்மேல் விழும், பேச்சு எங்கள்மேல் இருக்கும். அதனால்தான் நாங்கள் அந்த வேஷத்தை விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் வீட்டு ஆண் எவனும் மண்ணுக்குக் குனிந்ததும் இல்லை.

அப்பா ஆடிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும். கரைக்கு அப்பாலிருந்து தண்ணீர்க் காற்று வரும். முகவீணை ஒலி அந்தக் காற்றில் ஏறி இறங்கும். எல்லம்மாளுக்குப் பாட்டுகள் உண்டு. நாற்றங்காலைப் பார்த்து ஒன்று, புருஷனை நினைத்து ஒன்று, மதகுக்குள் இறங்குமுன் ஒன்று. நீர்க்கட்டி வேம்பனுக்கும் ஒரு பாட்டு உண்டு. அதற்கு முன்னால் அவன் கத்துகிற கத்தலில் மடியில் தூங்கும் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும். மணியக்காரருக்குப் பாட்டே கிடையாது. வசனம் மட்டும்தான்.

"நமக்கு ஏம்பா பாட்டு இல்ல?" என்று ஒருமுறை அப்பாவைக் கேட்டேன்.

"பாட்டு பாடினா எவடா மண்ணை அள்ளுவா?" என்றார்.

வெறுப்பை வாங்குவதும் ஒரு வேலை என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இளவயதில் அவர் "இறக்கு" என்பதை உறுமிக்கொண்டு சொல்வாராம். கூட்டம் பயந்ததே தவிர வெறுக்கவில்லை. பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே, பக்கத்தில் இருப்பவனிடம் சுண்ணாம்பு கேட்பதைப் போலச் சொன்னார். அந்த வருஷம் பெண்கள் கூடையைக் காலி செய்துவிட்டு, இன்னும் மண் அள்ளிவர ஏரிக்கு ஓடினார்களாம். இதை அப்பா ஊரில் பட்டம் வாங்கியதைப் போலச் சொல்வார்.

எங்கள் வீட்டுப் பெண்கள் மண் வீசுவதில்லை. அம்மா கூட்டத்தின் கடைசியில், புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். ஊர் முழுக்க எல்லம்மாளுக்காக அழும்போது அவள் மட்டும் யாருக்காக அழுதாள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அப்பாவை மணைமேல் உட்காரவைத்து, காதுக்குள் போன வண்டலை ஈரத்துணியால் துடைத்து எடுப்பாள். தலையை அவள் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்பா எல்லம்மாளின் நாற்றங்கால் பாட்டை மெல்ல முனகுவார். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும்தான் எங்கள் வீட்டுக்குள் அந்தப் பாட்டு கேட்கும். ஈர மண்ணும் அரிதாரமும் கலந்த அந்த வாசனை இப்போதும் எனக்குப் பிடித்த வாசனைகளில் ஒன்று.

பிறகு வயல்கள் கைமாறின. ஏரிக்குக் கீழே பாய்ச்ச நிலம் இல்லை. கூத்தாடிகள் ஷிப்டுக்குப் போனார்கள். கூத்து நின்றது. கூத்து நின்றதோடு மண்ணும் நின்றது என்று நான் மனத்துக்குள் நிம்மதி அடைந்ததை மறைப்பதற்கு இல்லை. ஆனால் போன வருஷம் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் ஆயிற்று. இளைஞர்கள் கூடி, இந்த ஆடியில் கூத்து கட்டியே தீருவது என்று முடிவு செய்தார்கள். என் முழங்கால் அடவுக்கு ஆகாது. முறைப்படி வேஷம் என் மகன் ஸ்ரீதருக்கு வந்தது.

ஸ்ரீதர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர்.

"அப்பா, என் லைன்ல வேலை செய்யற பொண்ணுங்கள்ல பாதிப் பேரு நம்ம ஊர்லதான் வாடகைக்கு இருக்காங்க. ஞாயித்துக்கிழமை என் மூஞ்சில மண்ணு அடிச்சுட்டு, திங்கக்கிழமை நான் போய் 'கையுறை எங்கம்மா'ன்னு கேட்டா சிரிக்க மாட்டாங்க?" என்றான்.

"சிரிக்கட்டும். உன் தாத்தா சிரிப்பையும் வாங்கினார், மண்ணையும் வாங்கினார்."

"தாத்தாவுக்கு ஹெச்.ஆர். இல்லப்பா."

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. என் பேத்தி கவிப்பிரியாவுக்கு மறைமலை நகரில் இடம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளையின் தாய் கோமதியம்மாள் வாய் சும்மா இராதவர். ஆனால் நல்ல குடும்பம். திருவிழாவுக்கு அவர்களை அழைத்திருந்தோம். என் மருமகள் சசிகலாவிடம் அந்த அம்மாள் போனில் கேட்டிருக்கிறார்.

"கூத்துல உங்க வூட்டு ஆளுங்களே வேஷம் கட்டுவாங்களாமே. இன்னா வேஷம்?"

"மணியக்காரர் வேஷம், அண்ணி."

"மணியக்காரரா! அப்போ பெரிய வேஷம்தான்."

சசிகலா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "மாமா, நீங்களே பாத்து ஏதாவது செய்யுங்க" என்றாள்.

சம்பந்தி முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க, எங்கள் குலத்து மூத்தவர் ஒரு பெண்ணைக் கொன்று மண்ணடி வாங்குவதா? ஊருக்கும் எங்களுக்கும் உள்ள கணக்கு வெளியூராருக்கு எப்படிப் புரியும்? அடுத்த நாளே கூத்து வாத்தியார் மோகனை வீட்டுக்கு வரச்சொன்னேன். எனக்குத் தம்பி முறை ஆகிறவரின் மகன். வாத்தியார் என்றாலும் பிழைப்புக்குக் கம்பெனி வேன் ஓட்டுகிறான்.

"மோகன், நம்ம மணியக்காரருக்கு ஒரு பாட்டு எழுது."

அவன் தலையைச் சொறிந்தான். "பாட்டா? இன்னான்னு பாடுவாரு பெரியப்பா?"

"அவருக்கும் ஒரு பிள்ளை இருந்தது. காய்ச்சலில் கிடந்தது என்று வை. அதன் தலைமாட்டில் உட்கார்ந்து பாடட்டும்."

"நெசமாலுமே கெடந்துச்சா?"

"கிடக்கவில்லை என்று உனக்குத் தெரியுமா?"

"சரிதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான். "ஆனா அவரு புள்ள பக்கத்துல கெடந்தா, மதகாண்ட 'இறக்கு'ன்னு யாரு சொல்றது?"

"யாரும் சொல்ல வேண்டாம். நீர்க்கட்டி தானாக இறக்கிவிட்டான் என்று வை."

"சும்மா இறக்கிடுவானா? ஒரு காரணம் வேணுமே பெரியப்பா. கொஞ்சம் தண்ணி போட்டுருந்தான்னு வெச்சுக்கலாமா?"

"வைத்துக்கொள்" என்றேன்.

இவ்வளவுதான் பேச்சு. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஸ்ரீதர் உடனே வேஷத்துக்குச் சம்மதித்தான். அதுமட்டுமா? இத்தனை தலைமுறையாக அந்த வேஷத்தைத் திரும்பிப் பாராத பங்காளி வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், "நாங்களும் அந்த வூட்டு ரத்தம்தானே" என்று வந்து நின்றார்கள். துரத்திவிட்டேன்.

ஒத்திகை முன்போல நடக்கவில்லை. ஸ்ரீதருக்குப் பகல் ஷிப்டு என்றால் நீர்க்கட்டி வேஷம் கட்டும் கோபாலுக்கு இரவு ஷிப்டு. எல்லம்மாள் வேஷம் கட்டும் சுபாஷுக்கு ஓ.டி. எல்லோரும் ஒரே இடத்தில் கூடிய நாள் ஒன்றுகூட இல்லை. அவரவர் பாகத்தை அவரவர் ஆடி, செல்போனில் படம் எடுத்து மோகனுக்கு அனுப்பினார்கள். மோகன் வேன் ஓட்டும் இடைவேளையில் பார்த்து, "கை இன்னும் தூக்கு", "தாளம் ஓடுது" என்று திருத்தினான். ஒவ்வொரு பாகமும் நன்றாகத்தான் இருந்தது. வரிசையாகக் கோர்த்தால் எப்படி இருக்கும் என்று யாரும் பார்க்கவில்லை.

வேம்பன் வேஷம் எங்களுடையதைப் போலவே ஒரு வீட்டுக்கு உரியது. வேம்பனின் வழியில் வந்தவன் கோபால். அவன் தாய் சின்னப்பொண்ணு சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் டிபன் கடை வைத்திருக்கிறாள். ஷிப்டு விட்டு வரும் பிள்ளைகளுக்கு அவள் இட்லியும் வசவும் சேர்ந்தே கிடைக்கும். அவள் புருஷன் இருந்தவரை வேம்பன் அவன்தான். நான் மணியக்காரராக நின்று "இறக்கு" என்று சொன்ன காலமெல்லாம் எதிரே நின்று "உள்ள ஆள் கீது" என்று கத்தியவன் அவன். கூத்து முடிந்தால் என்மேல் மண் விழும்; அவன் மடியில் தேங்காயும் அரிசியும் விழும். அந்த ஒரு நாள் அவன் எங்கள் தெருவில் தலை நிமிர்ந்து வேகமில்லாமல் நடந்து போவான். பெண்கள் கூப்பிட்டு மோர் கொடுப்பார்கள்.

கூத்தன்று சின்னப்பொண்ணு கடையை மூடிவிட்டு, உறவுக்காரர்கள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். அரக்கு நிறத்தில் புதுப்புடவை. என்னைப் பார்த்ததும் நேரே வந்தாள்.

"மணியாரே, எம்புள்ள கொரலைக் கேட்டுட்டு சொல்லுங்க. அவங்கப்பனுக்கு இருந்த தொண்டை அப்படியே கீது. நீங்க எதிர்ல நின்னவரு, உங்களுக்குத்தான் தெரியும்."

"கோபால் ஒன்றும் சொல்லவில்லையா?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்லணும்? காமெடி எல்லாம் சேத்துக்கீறாங்களாம். சிரிச்சுக்கினே கீறான் நாலு நாளா. கூத்துன்னா காமெடி வேணாமா?"

நான் சம்பந்தி வந்துவிட்டாரா என்று பார்க்கப் போனேன்.

ஷிப்டுக்காகக் கூத்து பகலுக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பின் மத்தளம் ஒலித்தது. இப்படி ஒரு கூட்டத்தை எங்கள் திடல் கண்டதில்லை. ஊர்க்காரர்களைவிட வெளியூர்ப் பிள்ளைகள் அதிகம். விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் கம்பெனி ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் கதை தெரியாது. இனி இந்த மேடையில் பார்ப்பதுதான் அவர்களுக்குக் கதை.

கோமதியம்மாள் என் பக்கத்து நாற்காலியில், கவிப்பிரியா அவருக்கு அப்பால். சுபாஷ் எல்லம்மாளாக வந்து நாற்றங்கால் பாட்டைப் பாடினான். எனக்கு அப்பாவின் முனகல் நினைவுக்கு வந்தது. கண்ணை ஒரு கணம் மூடினேன். புளியமரமும் அம்மாவும் பெட்ரோமாக்ஸும் வந்து போயின.

பிறகு ஸ்ரீதர் திரையை விலக்கி வந்தான். மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, வேஷம் அவனுக்கு அப்படிப் பொருந்தியது. எங்கள் வீட்டு உயரம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து மோகன் எழுதிய பாட்டை எடுத்தான். 'ஊருக்குத் தண்ணி தர ஏரி இருக்கு, உன் உதட்டுக்குத் தண்ணி தர என்ன இருக்கு' என்று ஓர் அடி. கூட்டம் அடங்கிப் போயிற்று. முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். எல்லம்மாள் வாசலில் வந்து நின்றபோது மணியக்காரர் பிள்ளையை விட்டு எழவில்லை. அவர் பதில் சொல்லாததும் இப்போது துயரமாகவே தெரிந்தது. அதே வாசல், அதே மௌனம். இதற்குத்தான் எங்கள் அப்பா மண் வாங்கினார்.

கோமதியம்மாள் மூக்கை உறிஞ்சினார். "பாவம் சம்பந்தி, பெரிய மனுஷன். அந்தப் பொண்ணு கொஞ்சம் நேரம் காலம் பாத்து வந்துருக்கலாம் இல்ல?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இருந்தாலும் அந்தக் கடைசிப் பேச்சு எங்கேயோ உறுத்தியது. இத்தனை வருஷத்தில் எல்லம்மாளை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

மதகுக் காட்சி வந்தது. கோபால் ஆடிக்கொண்டே வந்தான். கள்ளு மொந்தையோடு விழுந்தான், எழுந்தான், மதகுப் பலகையைத் தன் பெண்டாட்டி என்று நினைத்துக் கொஞ்சினான். திடல் சிரிப்பால் அதிர்ந்தது. அவனும் சிரிப்பு வர வர இன்னும் ஆடினான். அந்தப் பக்கம் சுபாஷ் கடைசிப் பாட்டைப் பாடிவிட்டு மதகுக்குள் இறங்கினான். கோபால் கொட்டாவி விட்டான். "இது இன்னா, பலகை தொறந்து கீது? மணியாரு பாத்தா உதைப்பாரு" என்று பலகையைத் தள்ளி இறக்கினான்.

சிரிப்பு சட்டென்று நின்றது. உள்ளேயிருந்து எல்லம்மாளின் கை மட்டும் மேலே வந்து அசைந்து அடங்கியது. கோபால் அதைப் பார்க்காமல் பாடிக்கொண்டே படுத்தான். ஒத்திகையில் செல்போனுக்கு முன்னால் அது வேடிக்கையாக இருந்திருக்கும்.

"டேய், எழுந்திருடா!" என்று விடுதிப் பெண் ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி செருப்பைக் கழற்றினாள். யாரோ வசை சொன்னார்கள்; அதைத் தொடர்ந்து நாலு பக்கமிருந்தும் வசை எழுந்தது. ஸ்ரீதர் ஓடிவந்து எல்லம்மாளின் உடலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதான். வழக்கப்படி பெண்கள் வண்டல் கூடைகளோடு மேடையைச் சுற்றி வந்தார்கள். கையில் மண்ணை எடுத்தார்கள். அழுதுகொண்டிருக்கும் மணியக்காரரைப் பார்த்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மண்ணை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? முதல் பிடி கோபால் மேல் விழுந்தது.

அவன் சிரித்துக்கொண்டு கையால் தடுத்தான். இரண்டாவது கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. அம்மாவைத் தேடும் பிள்ளைபோலக் கூட்டத்தைப் பார்த்தான்.

"குடிகாரங்கிட்ட மதகைக் குடுத்தா வேற இன்னா நடக்கும்?" என்றார் கோமதியம்மாள். "அந்த வூட்டு ஆளுங்க இப்பவும் ஊர்ல கீறாங்களா சம்பந்தி?"

நான் பதில் சொல்வதற்குள் அரக்குப் புடவை எனக்கு முன்னால் வந்து நின்றது. சின்னப்பொண்ணு அழவில்லை. அவளுக்குப் பின்னால் அவள் உறவுக்காரர்கள் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மணியாரே, இது மோகன் வேலை இல்ல. அவனுக்கு அவ்ளோ துணிச்சல் கெடையாது."

"உட்கார், சின்னப்பொண்ணு."

"உக்காந்து இன்னா பாக்கறது? நெலம் நீச்சு எங்களுக்கு இல்ல. தேர் இழுக்கற வடத்துல எங்க கை கடைசி. எங்களுக்குன்னு இந்த ஊர்ல இருந்தது ஒரே ஒரு கத்தல். அத்த எடுத்து உங்க பூட்டன் வாயத் தொடச்சிட்டீங்களே!"

கோமதியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு சம்பந்தி இவங்க? உங்க பூட்டன்னா?"

கவிப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். சசிகலா பின்னாலிருந்து, "மாமா, ஒண்ணும் பேச வேணாம், வாங்க வூட்டுக்குப் போவலாம்" என்றாள்.

வீட்டுக்குப் போயிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மண் தீர்ந்து மங்களம் பாடியிருப்பார்கள். இனி எத்தனை ஆடி வந்தாலும் இந்தப் பிள்ளைகளுக்கு மணியக்காரர் நல்லவர், வேம்பன் குடிகாரன். ஆனால் நான் மேடையைப் பார்த்தேன். கோபால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருந்தான். அவன்மேல் விழுந்துகொண்டிருந்தது எங்கள் வீட்டு மண். எங்களுடையதை இன்னொருவன் வாங்க, நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதா? என் பாட்டனாரும் அப்பாவும் நிமிர்ந்து நின்ற இடத்தில் எங்கள் வீட்டான் ஒருவன் பெண்வேஷத்தை மடியில் போட்டுக்கொண்டு தப்பித்துக்கொண்டிருந்தான்.

எழுந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை; மேடைப் படியில் மத்தளக்காரன் கை கொடுத்தான். வெள்ளை வேட்டி, துண்டு. வேஷம் எதுவும் இல்லை.

"மோகன், மதகுக் காட்சியை மறுபடி போடு" என்றேன்.

"பெரியப்பா..."

"போடு."

ஸ்ரீதர் என்னைப் பார்த்து, "அப்பா, இன்னா பண்றீங்க? எல்லாரும் நல்லா அழுதாங்க" என்று மெல்லச் சொன்னான்.

"நன்றாகத்தான் ஆடினாய். உள்ளே போ."

கூட்டம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இரைந்தது. ஊர்க் கிழவிகள் இருவர் மட்டும், "உக்காருங்கடி, உக்காருங்கடி, இதான் நெசக் கூத்து" என்று விடுதிப் பிள்ளைகளை அடக்கினார்கள். கோபாலைத் தோளைப் பிடித்து எழுப்பினேன். கண் சிவந்திருந்தது.

"உங்க அப்பன் பாகம் தெரியுமா?"

"தெரியும் பெரியவரே. சின்ன வயசுலருந்து தெரியும்."

"மொந்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வந்து நில்."

சுபாஷ் மீண்டும் மதகுக்குள் இறங்கினான். நான் கரைமேல் நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன். கோபால் வாயைத் திறந்தான். சின்னப்பொண்ணு சொன்னது சரிதான். அது அவன் அப்பன் தொண்டையேதான். "உள்ள ஆள் கீது மணியாரே!" அது திடலைத் தாண்டி, கரையைத் தாண்டிப் போயிற்று. மறுபடி கத்தினான். மூன்றாவதில் அவனுக்குக் குரல் உடைந்தது. அது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. எதிரே நின்ற எனக்கு வசனம் மறந்துவிட்டது. அப்பா எப்படிச் சொல்வார், நான் எப்படிச் சொன்னேன், ஒன்றும் நினைவில் இல்லை. வீட்டில் ஜன்னலைச் சாத்தச் சொல்வேனே, அந்தக் குரல்தான் வந்தது.

"இறக்கு."

"மாட்டேன்" என்று கோபால் கையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினான். ஆட்களாக நின்ற இருவர் பலகையை இறக்கினார்கள்.

நான் கூட்டத்தை நோக்கித் திரும்பிச் சொன்னேன். "அந்த மணியக்காரர் என் பூட்டனார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது நான் சொல்லி எழுதியது. நீர்க்கட்டி வேம்பன் குடிக்கவில்லை. அவர் கத்தினார், இவர் கேட்டார்."

முதல் பிடி சின்னப்பொண்ணுடையது. குறி தப்பாமல் நெற்றியில் விழுந்தது. பிறகு யார் யார் என்று தெரியவில்லை. ஈர வண்டல் காதிலும் கழுத்திலும் இறங்கியது. ஏரியில் பாசனம் இல்லாவிட்டாலும் வண்டலின் வாசனை மாறவில்லை. முதுகு வலித்தது. குனியவில்லை. கூச்சலுக்கு நடுவே கோபாலைச் சுற்றி விடுதிப் பெண்கள் கூடி நிற்பதும், செருப்பைக் கழற்றியவள் தன் துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்து அவன் கண்ணைத் துடைக்கக் கொடுப்பதும் மண்ணுக்கு ஊடே மங்கலாகத் தெரிந்தன.

மங்களம் பாடி முடித்ததும் சசிகலா சொம்பில் தண்ணீரோடு வந்தாள். கீழே இறங்கி, வேட்டியை உதறிக்கொண்டு நின்றேன். நல்ல சம்பந்தம் ஒன்றை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். கவிப்பிரியாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது, ஆனால் பார்த்தேன். அவள் பார்வையை விலக்கவில்லை.

கோமதியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பட்டுப்புடவை முழங்காலளவு சேறாகியிருந்தது. இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுப்பாக இருந்தன.

"அம்மா சசிகலா, அந்தத் தண்ணியை மொதல்ல எனக்கு ஊத்து" என்றார். கையைக் கழுவிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பாராமல் சொன்னார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க அந்த வார்த்தையைச் சொன்ன விதத்துக்கு என்னால சும்மா நிக்க முடியல. நாலு கூடையாண்ட போயிட்டு வந்தேன்."

"மண் போட வேண்டியதுதான் வழக்கம்" என்றேன்.

"கவிப்பிரியா கல்யாணத்துக்கு அப்பறம் எங்க வூட்டு ஆளுங்க இத்தப் போடலாமா, இல்ல உங்க வூடுன்னு ஆயிடுமா?"

"பெண் கொண்டவர்களுக்குத் தடை இல்லை. கொடுத்தவர்களுக்குத்தான் தடை."

"அது நல்ல வழக்கம்" என்று அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொம்பில் மீதியிருந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, தங்களுக்கு நேரமாகிறது, தாலிக்கு எந்த முகூர்த்தம் என்று இன்றே பேசிவிடலாம் என்று சசிகலாவை அழைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.